போயா நாளில் கெம்பஸ் பார்க்கப் போனோம்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். எந்தப் படிப்பை எந்த இடத்தில் படிக்க விருப்பம் என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். முதலாவதாக எழுதியதற்கு உங்கள் பரீட்சைப் புள்ளி போதும் என்றால் அதையே தந்துவிடுவார்கள். மிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே முதலாவது வரிதான் எல்லாம். அந்த ஒரு வரிக்காக நான் அப்பாவை ஏமாற்றப் பார்த்த கதை இது. அப்போது அது எனக்கு ஏமாற்று வேலையாகவே தெரியவில்லை, சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

மடுல்சீமைப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இருக்கிறது என்றால், அங்கே வரிசை வீடுகளாக இருக்கிற ஒரு லயத்தில், ஒரு காம்பராவில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று அர்த்தம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத்தூள் அரைக்கிற ஃபெக்டரியை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வந்து எத்தனை தரம் குளித்தாலும் அப்பாவின் காதோரத்தில் தூள் ஒட்டியிருக்கும். அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது நான்தான்.

நான் படிக்க ஆசைப்பட்டது தொடர்பாடலும் ஊடகக் கற்கையும். அதற்குக் காரணம் ஒரு கோபம். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. டீவிக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்து மேனேஜரான துரையிடம் மைக்கை நீட்டினார்கள், கிராம சேவகரிடம் நீட்டினார்கள். அம்மா குடத்தோடு நின்றதை மட்டும் படம் எடுத்தார்கள். செய்தியில் அம்மாவின் முகம் வந்தது, பேசியது துரை. அம்மா பக்கத்தில் நின்று கொண்டு சுவர் எங்கே வெடித்திருக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று நான் டீவிக்கு முன்னால் நின்று கத்தினேன். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தோட்டம் முழுக்க அவரை டீவியில வந்த அக்கா என்று கூப்பிட்டதில் அவருக்குச் சந்தோஷம்தான். எனக்குத்தான் ஆறவில்லை. மைக்கை யாரிடம் நீட்டுவது என்று தீர்மானிக்கிற ஆளாக நான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தமிழில் அந்தப் படிப்பு இருக்கிற இடங்களைத் தேடியபோது கிழக்கில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கெம்பஸ் எனக்குப் பிடித்துப்போனது. அங்கே மாணவர்களே நடத்துகிற சின்ன வானொலிக் கூடம் இருப்பதாகப் பாடசாலை டீச்சர் சொன்னார். அது போதாதா? போனிலேயே அந்த இடத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்து நான் பாதி படிப்பை முடித்துவிட்டேன்.

அப்பாவின் எண்ணம் வேறு. கண்டிப் பக்கத்துக் கலைப்பீடத்தை முதலாவதாகப் போட வேண்டும் என்றார். அது குளிர் ஊர், மலை ஊர், போய் வரக் கிட்ட. படித்து முடித்தால் டீச்சர் ஆகலாம். எங்கள் தோட்டத்தில் டீச்சர் என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டீச்சர் ரோட்டில் நடந்து போனால் கங்காணிகூட ஓரமாக நின்று வழி விடுவார்.

"தொடர்பாடல்னா என்னா?" என்று அப்பா கேட்டார்.

"கொமினிகேஷன் அப்பா."

"பசறையில நானா வச்சிருக்காரே, அதா? போட்டோகொப்பி அடிக்க டிகிரி எதுக்கு?"

பசறை டவுனில் போட்டோகொப்பி எடுக்கிற, போனுக்கு ரீலோட் போடுகிற கடைக்கு எங்கள் பக்கம் கொமினிகேஷன் என்றுதான் பேர். அதை நடத்துகிற முஸ்லிம் அண்ணனை நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். அப்பா விளையாட்டுக்குக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பத்திரிகை, வானொலி, டீவி என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்:

"சரி. ஆனா எடத்த பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொம்பள புள்ளய அனுப்புற எடத்த பாக்காம எப்பிடி அனுப்புறது? பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் போட்டுறாத."

"சரிங்கப்பா" என்றேன்.

பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையைப் பார்ப்பது அதில் சின்னப் பங்குதான். தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, கூரைத் தகரம் புதியதா, கக்கூஸ் எத்தனை எட்டில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் சண்டைக்காரர்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அக்காவுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளை அப்பா இப்படித்தான் தட்டிக் கழித்தார். அந்த மூன்று பேரிலும் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தத் தோட்டங்களில் தண்ணீர் விழுகிற பீலிதான் பிடிக்கவில்லை. நான்காவது இடத்தில் பீலி நன்றாக இருந்தது, மாப்பிள்ளை கொஞ்சம் கட்டை. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகவே அப்பா கெம்பஸ் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு குழாய் ஒழுகினால் என் படிப்பு போய்விடும். அந்தப் பயத்தில்தான், அடுத்த திங்கட்கிழமை அம்மாவிடம் கொப்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பசறைக்கு பஸ் ஏறினேன்.

கொமினிகேஷன் நானாதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருடைய விண்ணப்பத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறவர். எந்தப் படிப்புக்கு எந்த இலக்கம் என்று அவருக்கு மனப்பாடம்.

"மொதலாவதா எதப் போட, தங்கச்சி?"

கிழக்குக் கெம்பஸின் பெயரைச் சொன்னேன். நானா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் நானா."

பொய்தான். குரல்கூட மாறவில்லை. நானா முதலாவது வரியில் அதைப் போட்டார், இரண்டாவதில் கண்டியைப் போட்டார். "சேவ் மட்டும் பண்ணி வச்சிருக்கேன். சனிக்கெழம கடைசி நாள். அதுக்கு முந்தி வந்து அனுப்பிருங்க. அதுவரைக்கும் மாத்திக்கலாம்" என்றார்.

மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வரிசையை மாற்றாமலே அனுப்பிவிடுவது என்பதுதான் என் திட்டம். விண்ணப்பத்தில் இருப்பது இலக்கங்களும் இங்கிலீஷ் எழுத்தும். அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. பிறகு முடிவு வந்ததும் கம்ப்யூட்டர் இதைத்தான் தெரிவு செய்திருக்கிறது அப்பா, நான் என்ன செய்ய என்று கண்ணைக் கசக்கிவிட்டால் போதும். தோட்டத்தில் கம்ப்யூட்டர் சொன்னதை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை போயா, பௌர்ணமி நாள். தோட்டத்துக்கு லீவு, ஸ்டோரும் ஓடாது. கடைசித் தேதிக்கு முன்னால் எல்லாருக்கும் வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான். அம்மாவின் தம்பி, என் மாமா, பசறையில் வேன் ஓட்டுகிறவர். அவர் வேனைக் கொண்டு வந்தார். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் போகிற பயணம் இரண்டு நாளில் பதினொரு பேராகிவிட்டது. பக்கத்துக் காம்பரா அத்தை, அவருடைய மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். கடல் பார்க்கலாம் என்று அத்தைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். டயருக்கு அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, ரொட்டியும் சம்பலும் அவித்த முட்டையும் ஒரு பெரிய சட்டியில் கட்டிக்கொண்டு, விடிகிற நேரத்தில் கிளம்பினோம். கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி அத்தை சூடம்கூடக் கொளுத்தினார்.

அப்பாவுக்கு வேன் ஒத்துவராது. லுணுகலை தாண்டிக் கீழே இறங்கும் வளைவுகளில் அவர் ஒரு பையை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி, மற்றக் கையில் தேசிக்காயை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார். மூன்று இடத்தில் வேனை நிறுத்த வேண்டியிருந்தது. பிபிலைக்கு வந்தபோது வெயில் சுட்டது. அக்கா கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை அப்பா போட்டிருந்தார், அதில் ஒரு சொட்டும் படாமல் காப்பாற்றிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. இவரை யார் வரச் சொன்னது?

பதினொரு மணி போலப் போய்ச் சேர்ந்தோம். கெம்பஸ் கேட் பூட்டியிருந்தது.

பெரிய இரும்புக் கேட். உள்ளே நீளமான ரோடு, இரண்டு பக்கமும் வேப்ப மரங்கள், ஒரு மனிதர் இல்லை. காவலர் அறையில் இருந்து நரைத்த மீசையோடு ஒருவர் வெளியே வந்தார்.

"எங்கருந்து வாறீங்க?"

"மடுல்சீமையில இருந்துங்க. கெம்பஸ் பாக்க வந்தோம்" என்றார் மாமா.

"இண்டைக்குப் போயாதானே. ஒருத்தரும் இல்ல, எல்லாம் பூட்டு."

போயா என்பதால்தான் எங்களுக்கு லீவு. நாடு முழுக்க லீவு என்றால் கெம்பஸுக்கும் லீவுதான் என்பது பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றவில்லை, பாடசாலை டீச்சரிடம் சொன்னபோது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பா போவாரா மாட்டாரா, பிடிக்குமா பிடிக்காதா என்பதிலேயே என் மூளை முழுக்கச் செலவாகியிருந்தது. வேனில் இருந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "நியூஸ் படிக்கப் போற புள்ளைக்கு இன்னைக்கு லீவுங்கிற நியூஸ் தெரியலியே."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சத்தியமாக அந்த இடத்தில் அத்தையைப் பிடித்துக் கடிக்கலாம் போல இருந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு காவலரிடம் கேட்டார்:

"உள்ள தண்ணி எங்கிருந்துங்க வருது?"

பீலி விசாரணை ஆரம்பித்துவிட்டது.

காவலர் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். கட்டடங்களுக்குள் விட அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் சின்னக் கதவைத் திறந்து மரங்கள் வரைக்கும் வர விட்டார். குழாயைக் காட்டினார். அப்பா திறந்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். தண்ணீரில் உப்பு. மலையில் ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த மனிதர். முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். பிறகு கழிவுத் தண்ணீர் ஓடுகிற காணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தூரத்தில் இருந்த விடுதியை எட்டி எட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எதிரே இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்து கெம்பஸில் படிக்கிற இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் கடைக்குப் போக வெளியே வந்தார்கள். எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் ஒருத்தி நின்றுவிட்டாள்.

"நீங்க மலைநாடா?"

அவள் அட்டன் பக்கத்துத் தோட்டம். ஊடகக் கற்கையில் இரண்டாம் வருடம். லீவு ஒரு நாள்தான் என்பதால் ஊருக்குப் போகவில்லை என்றாள். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பதினொரு பேரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். சாப்பாடு எப்படி, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பொடியன்கள் எப்படி, ஊருக்குப் போக எத்தனை பஸ் என்று அத்தை ஒரு கேள்விப் பத்திரமே வைத்திருந்தார். அந்தப் பிள்ளையும் சளைக்கவில்லை. ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள்.

"நம்ம பேச்ச கேட்டு சிரிப்பாங்களா?" என்று அம்மா கேட்டார். அதுவரைக்கும் அம்மா ஒன்றுமே கேட்கவில்லை.

"மொதல்ல சிரிச்சாங்க அம்மா. இப்ப ரேடியோ நாடகத்துல தோட்டத்து ஆள் வந்தா என்னத்தான் தேடுறாங்க. என்ன ஒண்ணு, எல்லா நாடகத்துலயும் என்ன சாகடிச்சிர்றாங்க" என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நான் வந்தால் ஒரு நாடகத்திலாவது உங்களை உயிரோடு விடுகிறேன் என்றேன். "சீக்கிரம் வா, நான் மூணாவது வருஷம் போறதுக்குள்ள" என்றாள்.

பிறகு எல்லாரும் கடலுக்கு நடந்தோம். கெம்பஸில் இருந்து கொஞ்ச தூரம்தான். அப்பா வரவில்லை. தலை சுற்றுகிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று கேட்டடியில் நின்றுவிட்டார். அத்தையின் பேரப்பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள். அத்தை சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் முருகனைக் கூப்பிட்டார். அம்மாவும் நானும் ஈர மணலில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒங்கப்பா நேத்து ஸ்டோருல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு, மகளுக்கு எடம் பாக்கப் போறேன்னு" என்றார் அம்மா. "கணக்கப்பிள்ள வீட்டுல அயன் பொட்டி கேட்டு வாங்கி, அவரே சட்டைய தேய்ச்சாரு. என்ன தொட விடல."

நான் மணலைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் போகும். அப்பாவிடம் போனால் முதலாவது வரி போய்விடும். அந்த இடத்தை நேரில் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளையோடு பேசிய பிறகு, எனக்கு அது முன்னைவிடப் பத்து மடங்கு வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு கேட்ட பிறகும் நான் திருந்தவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காவலர் வெளியே வந்து கையசைத்து வழியனுப்பினார். "எப்பிடி மச்சான், எடம் புடிச்சிருக்கா?" என்று மாமா கேட்டார். அப்பா "பாப்பம்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் வாயில் இருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள், கடலைச் சரை வாங்கித் தின்றார்கள், அத்தை ஒரு போத்தலில் கடல் தண்ணீர்கூடப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உப்புத் தண்ணீர் குடித்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

வெள்ளிக்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டார். "வா, பசறைக்குப் போவம்" என்றார். நானும் வருகிறேன் என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தனியாகப் போய் அனுப்பிவிட்டு வருவதுதானே திட்டம். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவராகவும் சொல்லவில்லை.

கடையில் கூட்டம் இல்லை. நானா எங்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் என் விண்ணப்பத்தைத் திறந்தார். திரையில் முதலாவது வரி பளிச்சென்று தெரிந்தது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அது புரியாது என்று எனக்குத் தெரியும்.

"அந்த கேட் வாச்சர் என்ன உள்ள கூப்புட்டாரு" என்று அப்பா ஆரம்பித்தார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்கள்லாம் கடலுக்குப் போயிருந்தீங்க. கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னாரு. நான் வேணாங்கன்னேன். பிள்ளையத் தரப்போற ஆள் நிண்டுகிட்டா பேசுறதுன்னு சொல்லி, அவரு கதிரைய எனக்கு குடுத்துட்டு அவரு ஸ்டூல்ல உக்காந்தாரு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம்."

நானா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"முப்பது வருஷமா ஸ்டோருல இருக்கேன். ஒரு கடுதாசி வேணும்னா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியதான் நிக்கிறேன். ஒரு நாள் உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல, நானும் எதிர்பாக்கல. கேட்டுல இருக்கிற மனுசனே அப்பிடின்னா உள்ள இருக்கிறவங்க எப்பிடி இருப்பாங்க." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணி உப்புதான். நீ படிச்சு என்ன வேலைக்குப் போவன்னும் எனக்கு வெளங்கல. வெளங்காட்டியும் பரவால்ல. அதயே மொதல்ல போடு."

அந்த நிமிடம் நான் துள்ளியிருக்க வேண்டும். நான் ஏங்கிக் காத்திருந்த வார்த்தை. ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. நானா சரிங்கண்ணே என்று பட்டனை அழுத்தியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கையைக் கீபோர்டில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்பா, அது ஏற்கெனவே மொதல்லதான் இருக்கு."

"என்னா?"

"நான்தான் போட்டேன். போன திங்கக்கெழம."

அப்பா கணக்குப் பார்ப்பது போல் நெற்றியைச் சுருக்கினார். "நம்ம போறதுக்கு முந்தியா?"

"ஆமாங்கப்பா. நீங்க வேணாம்னு சொன்னாலும் அப்பிடியே அனுப்பலாம்னு இருந்தேன். கம்ப்யூட்டர் தந்துச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். லுணுகலை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா என்னை அடித்ததில்லை. அன்றைக்கு ஒன்று வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பேன்.

"அழி" என்றார்.

"அப்பா..."

"அழின்னு சொன்னேன்ல."

நானா கீபோர்டை என் பக்கம் தள்ளினார். நான் அழித்தேன். முதலாவது வரி காலியாகி, கண்டி மேலே ஏறி முதலாவதாக வந்து நின்றது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இதுதான் எனக்குச் சரியான தண்டனை, நான் வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது.

அப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு வந்தார்.

"இப்ப நான் சொல்றேன்" என்றார். "கடக்கரை கெம்பஸ்ஸ மொதல்ல போடு."

நான் இலக்கத்தைத் தட்டினேன். அவசரத்தில் ஒன்று மாறிப் போனது, அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். கண்டி இரண்டாவதுக்கு இறங்கியது. அப்பா ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அவசரப்படாத" என்றார். "சரியா பாத்துப் போடு."